ஒழுங்கைப் பாட்டின் சொந்தக்காரர்கள்

அந்தக் கடிதம் கையால் எழுதப்பட்டிருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு இப்போது கையெழுத்தில் யாரும் எழுதுவதில்லை. சென்னையில் பாட்டு எழுதுகிறவர்களும் இசையமைப்பவர்களும் சேர்ந்து நடத்தும் உரிமைச் சங்கத்தில் எனக்கு வேலை. ஒரு பாட்டுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால் அந்தக் கோப்பு என் மேசைக்கு வரும். பதினாறு வருடமாகச் சண்டைகளை மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம் நல்லூரிலிருந்து கிரேஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியிருந்தார். அவருடைய தேவாலயம் நடத்தும் பாலர் பாடசாலையின் கலைவிழா வீடியோவை இணையத்தில் ஏற்றினார்களாம். மறுநாளே அது முடக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் பாடிய சைக்கிள் பாட்டு சென்னையில் உள்ள ஒரு குழந்தைப் பாட்டுக் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருந்ததுதான் காரணம். 'அந்தப் பாட்டு எங்களுடையது. பணம் வேண்டாம். வீடியோவைத் திறந்து விடவும். அத்துடன் கம்பெனி பாடும் பாட்டில் ஒரு சொல் பிழை. அதைத் திருத்தவும்' என்று முடித்திருந்தார்.

கம்பெனியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். 'டிங் டிங் டிங் மணி அடிக்குது, மாமா சைக்கிள் ஒழுங்காய் உள்ளே ஓடி மறையுது' என்று இருந்தது. ஆசிரியை எழுதி அனுப்பிய வரி, 'மாமா சைக்கிள் ஒழுங்கைக்குள்ளே ஓடி மறையுது'. ஒழுங்கை என்றால் இரண்டு பக்கமும் வேலி அடைத்த ஒடுக்கமான பாதை. நாங்கள் சந்து என்போம். சைக்கிள் எப்படி ஒழுங்காய் உள்ளே ஓடும் என்று சென்னையில் ஒருவரும் கேட்கவில்லை. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட வீடியோ அது. என் மகளும் அதைப் பார்த்துத்தான் சோறு தின்று வளர்ந்தாள்.

யாழ்ப்பாணத்துக் கலைஞர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு நடத்தச் சங்கத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன். கோப்பையும் பையில் வைத்துக்கொண்டேன். எதிர்மனு கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி கெடு. அது தாண்டினால் பாட்டு கம்பெனிக்கே உறுதியாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பலாலி விமான நிலையத்தில் இறங்கினேன். வெயில் சென்னை வெயில்தான். ஆனால் ஹாரன் சத்தம் இல்லை. நல்லூர்ப் பக்கம் திரும்பியதும் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிள்கள் தெருவை நிறைத்தன. என் ஆட்டோ ஓட்டுநர் அத்தனை பேரையும் போகவிட்டுப் பொறுமையாக நின்றார். "அவசரமோ அக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் எஞ்சினை அணைத்துவிட்டார். சென்னையில் இப்படி ஓர் ஆட்டோவில் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

கிரேஸ் ரீச்சர் வீட்டு வாசலிலேயே நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கையில் குடை. மிஷன் பள்ளியில் படித்து மிஷன் பள்ளியிலேயே படிப்பித்தவர் என்பது அவர் நிற்பதிலேயே தெரிந்தது.

"வாங்கோ பிள்ளை. பயணம் வடிவா அமைஞ்சுதோ? முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு கதைப்பம்."

பால் இல்லாத தேநீர். சீனிக்குப் பதில் ஒரு துண்டு பனங்கட்டி. அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். முதல் வாயில் தடுமாறினேன். மூன்றாவது வாயில் பால் எதற்கு என்று தோன்றிவிட்டது.

எதிர்மனுப் படிவத்தை விரித்தேன். பாட்டின் பெயர், சொற்களை எழுதியவர், மெட்டமைத்தவர், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம். மொத்தம் நூறு வர வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டு மெதுவாகப் படித்தார். தன் பெயருக்கு நேரே முப்பது என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

"மிச்சம் எழுபது?"

"யோசேப்புக்கு. மெட்டு அவரின்ரை. ரெண்டாம் பந்தியும் அவர்தான் சொன்னவர். குருநகர்க் கத்தோலிக்கப் பெடியன், கடல் தொழிலுக்குப் போற வீடு. எங்கடை பாலர் பாடசாலைக்கு மேசை கதிரையெண்டு தளபாடம் திருத்த வருவார். சண்டைக்குள்ளை பெற்றோல் இல்லாத காலம் பிள்ளை. ஊரெல்லாம் சைக்கிள்தான். குண்டு போடுற விமானச் சத்தம் கேட்டா குழந்தையள் நடுங்குங்கள். அவர் ஒரு பலகையிலை பழைய சைக்கிள் மணியளைப் பூட்டிக் கொண்டுவந்து தந்தார். சத்தம் கேட்டா நாங்கள் மணியை அடிச்சுப் பாடுவம். அப்பிடிக் கட்டின பாட்டு."

"அவர் இப்போது எங்கே?"

"தெரியாது. இடம்பெயரேக்கை பிரிஞ்சது. கடல்லை போனவர் எண்டு சொல்லிச்சினம். இருக்கிறாரோ தெரியாது."

இறந்திருந்தால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும், அல்லது நீங்கள் மட்டும் நூறு என்று போட்டுவிட்டுப் பிறகு திருத்தலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

"பொய்க் கணக்கு எழுதச் சொல்லுறியளோ?"

படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். இரவு இடியப்பமும் சொதியும். தேங்காய்ப்பாலில் வெந்தயம் மணக்கும் அந்தச் சொதிக்கு எங்கள் ஊர்க் குழம்புகள் எதையும் உறவு சொல்ல முடியாது.

புதன்கிழமைப் பயிலரங்குக்கு இருபது பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தேன். மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. தவில்காரர்கள், தேவாலயப் பாடகர்கள், கல்யாண வீட்டு இசைக்குழுக்கள், தொப்பியைத் திருப்பிப் போட்ட ராப் பாடகர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

முதல் கேள்வி தொப்பிக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. "எங்கடை பாட்டை நாங்களே ஃபோனாலை ஏத்துறம். பிறகு சங்கம் என்னத்துக்கு?"

"உங்கள் பாட்டு ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும் பின்னால் நீங்கள் ஓட முடியுமா?" என்றேன். "வேறொருவர் தன் வீடியோவில் உங்கள் பாட்டைப் போட்டால் யார் கேட்பது? எல்லோரும் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் அவர் கேட்பார். அந்த ஒருவர்தான் சங்கம்." பிறகு என் வேலையில் உள்ள ஓட்டையையும் சொன்னேன். இணையத் தளங்கள் அனுப்பும் பட்டியலில் பாட்டின் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் பாதி இடங்களில் இருக்காது. பெயர் இல்லாதவருக்கு எதுவும் போய்ச் சேராது.

நாதஸ்வரக்காரர் ஒருவர் எழுந்தார். கோவில் திருவிழா நேரலையில் அவர் வாசித்த பழைய கீர்த்தனையைக் கணினி வேறு யாருடைய ஒலிப்பதிவோ என்று நினைத்து நிறுத்திவிட்டதாம். "நான் ஊதினதை வேறை ஆள் ஊதினது எண்டு சொல்லுது தங்கச்சி. இதைவிட என்னைப் புகழ ஏலாது. ஆனா சனத்துக்குச் சத்தம் போகேல்லை." மண்டபம் சிரித்தது. பழைய கீர்த்தனை எல்லோருக்கும் சொந்தம், உங்கள் வாசிப்பு உங்களுக்குச் சொந்தம், மறுப்பு எழுதுவது இப்படி என்று திரையில் காட்டினேன். அத்தனை பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நான் அசந்துபோனது வேறொன்றில். கல்யாண இசைக்குழு ஒன்றின் தலைவர் தங்கள் நிகழ்ச்சித் தாள்களைக் காட்டினார். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே எழுதியவர் பெயரும் மெட்டுப் போட்டவர் பெயரும் அச்சாகியிருந்தன. யாரும் கேட்கவில்லை, சட்டமும் வற்புறுத்தவில்லை. "பேர் போடாமல் பாடினா வாய் கூசும்" என்றார். எங்கள் ஊரில் பெரிய மேடைகளில்கூட இதைக் கேட்டு வாங்க நாங்கள் நோட்டீஸ் அனுப்புகிறோம்.

முடிவில் சைக்கிள் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் பந்தி, எங்கள் பேச்சில் சரணம், வரும்போது அந்த இசைக்குழுத் தலைவர் நிமிர்ந்தார்.

"உது வல்வெட்டித்துறை யோசேப்பு அண்ணையின்ரை பாட்டெல்லோ? எஞ்சின் திருத்துறவர். வேலை செய்யேக்கை உதைத்தான் முணுமுணுப்பார்."

சாயங்காலம் கோவிலருகில் ஐஸ்கிரீம் கடைக்குப் போனேன். பக்கத்து மேசையில் தெற்கிலிருந்து சுற்றுலா வந்த சிங்களக் குடும்பம். சின்னப் பெண் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டி அதே மெட்டைச் சிங்களத்தில் பாடினாள். எங்கே கற்றாள் என்று விசாரித்தேன். தாய் சொன்னதைக் கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "எங்கள் பாலர் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பாட்டுத்தான், ஏன் கேட்கிறீர்கள்?" அந்தக் குழந்தையிடம் படிவத்தை நீட்ட முடியுமா?

அதே யோசேப்புதானா என்று தெரியும்வரை ரீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று, வியாழக்கிழமை தனியாக வல்வெட்டித்துறைக்குப் புறப்பட்டேன். பஸ் நிலையத்தில் ஒரு நடத்துநர் கத்திய கத்தலில் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். காதைப் பிளக்கும் சினிமாப் பாட்டு. தொழில் புத்தி, அந்தப் பாட்டின் பங்குதாரர்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சுன்னாகம் சந்தை. மலை மலையாகச் சின்ன வெங்காயம்.

வெங்காய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் வழி கேட்டேன். அவர் தலையில் கையை வைத்தார். "ஐயோ பிள்ளை, வேறை பக்கமெல்லோ வந்திட்டியள். சாப்பிட்டியளோ?" பதிலுக்குக் காத்திருக்காமல் பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் தாளில் சுற்றிக் கையில் வைத்தார். அவருடைய மூட்டைகள் வல்வெட்டித்துறைக் கடைகளுக்குப் போக இருந்தன. சின்ன லாரியின் முன் இருக்கையில் ஓட்டுநருக்கும் வெங்காயத் தராசுக்கும் நடுவே என்னை ஏற்றிவிட்டார். சிவப்பு மண் தோட்டங்கள், மரவள்ளி, புகையிலை, பிறகு தொண்டைமானாற்றுப் பாலம். அதைத் தாண்டியதும் இடது பக்கம் முழுக்கக் கடல்.

யோசேப்பின் பட்டறை கடற்கரை வீதியில் தகரக் கொட்டகை. மரப்பலகையில் படகு எஞ்சின் ஒன்று பிரித்துக் கிடந்தது. அறுபதைத் தாண்டிய கறுத்த, அகலமான மனிதர். நான் யார் என்று சொல்லிக் கைபேசியில் பாலர் பாடசாலை வீடியோவைக் காட்டினேன். ரீச்சர் தன்னிடமிருந்து எனக்கு அனுப்பி வைத்த பிரதி அது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பாட்டு முடியும்வரை நிமிரவில்லை.

"கிரேஸ் ரீச்சர் உயிரோடை இருக்கிறாவோ?"

"இருக்கிறார். உங்களைத்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்."

அவர் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ வெளிநாடு போயிட்டா எண்டு எனக்குச் சொன்னவை. நான் படகிலை இந்தியாவுக்குப் போனனான் தங்கச்சி. முகாமிலை கன காலம். அங்கை சின்னனுகள் அழும். நானும் மணியைக் கட்டி இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினனான். பாட்டுப் படிப்பிக்க ஒரு பிள்ளை மெட்ராசிலையிருந்து முகாமுக்கு வாறவ. அவ கேட்டு எழுதிக்கொண்டு போனவ." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "திரும்பி வந்து இந்த ஊரிலை தங்கின பிறகு ஒருநாள் ஃபோனிலை பாத்தன். பொம்மை எல்லாம் ஆடுது. ரீச்சரின்ரை பாட்டை நான்தான் கொண்டுபோய்ப் பறிகொடுத்திட்டன். எந்த முகத்தோடை அவவைத் தேடுறது?"

கோப்பில் இல்லாத பாதி அது. பாட்டு திருட்டுப் போகவில்லை. அகதி முகாமில் அழுத பிள்ளைகளுக்காகப் பாடப்பட்டு, கேட்டவர் எழுதிக்கொண்டு, கைமாறிக் கைமாறிக் கம்பெனிக்குப் போயிருந்தது. ஒழுங்கையும் அந்த வழியில்தான் ஒழுங்காய் ஆகியிருக்கும்.

படிவத்தைக் கொடுத்தேன். முப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "உதென்ன விசர்க் கணக்கு? மெட்டு அவவின்ரை. நான் மணியைப் பூட்டினனான், ரெண்டு வரி சொன்னனான், அவ்வளவுதான். இருபது காணும். அதுவே கூடிப்போச்சு."

பென்சிலால் தன் பெயருக்கு நேரே இருபது என்று எழுதினார்.

முப்பதும் இருபதும் ஐம்பது. பதினாறு வருடத்தில் என்னிடம் வந்த கோப்புகளில் கூட்டினால் நூற்று நாற்பது வரும், நூற்று எண்பது வரும். ஒரு பாட்டுக்கு மூன்று பேர் ஆளுக்கு நூறு கேட்டதும் உண்டு. கூட்டினால் ஐம்பது வந்த கோப்பை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கணினிக்கு அப்படி ஒன்று வரும் என்றே தெரியாது. நூறு வராவிட்டால் பதிவை ஏற்காது.

"நாளைக்கு நீங்களே நல்லூருக்கு வந்து ரீச்சரிடம் சொல்லுங்கள்" என்றேன். அவர் வர மாட்டேன் என்றார். மனைவிதான் முடித்து வைத்தார். "போகாட்டி இனி இந்தக் கொட்டிலுக்குள்ளை அந்தப் பாட்டை முணுமுணுக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

அன்றிரவே ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யோசேப்பு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் பனையோலைப் பையில் உயிர் நண்டுகள். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

ரீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"மெலிஞ்சு போனீர் யோசேப்பு" என்றார் ரீச்சர். அவர் மெலிந்திருக்கவே இல்லை.

"ரீச்சர், பாட்டை நான்தான் வெளியிலை விட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"உள்ளை வாரும்."

உள்ளே வந்து உட்கார்ந்ததும் ரீச்சர் சொன்னது எனக்கும் புதியது. இடம்பெயர்வில் அவர் பாட்டுகளை எழுதி வைத்திருந்த கொப்பி தொலைந்துவிட்டது. திரும்பி வந்தபோது முதல் பந்திதான் நினைவில் இருந்தது. எத்தனையோ வருடம் அந்த ஒரு பந்தியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பழைய மாணவி கைபேசியில் சென்னைக் கம்பெனியின் வீடியோவைக் காட்டியபோதுதான் இரண்டாம் பந்தியைத் திரும்பக் கேட்டாராம்.

"நீர் கொண்டுபோயிருக்காட்டி அது எனக்கே இல்லாமல் போயிருக்கும். கண்டவன் பாடட்டும், பிழையாப் பாடட்டும். வந்து சேர்ந்துதெல்லோ?"

யோசேப்பு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிடமே சண்டை தொடங்கியது. உமக்கு எழுபது என்றார் ரீச்சர். உங்களுக்கு எண்பது என்றார் யோசேப்பு. யோசேப்பு எழுபத்தைந்துக்கு இறங்கினால் ரீச்சர் தன் முப்பதிலிருந்து இருபத்தைந்துக்குப் பின்வாங்கினார். பத்தரை மணியாயிற்று. நான் கடிகாரத்தைக் காட்டினேன். நாலு மணிக்குள் நூறு வராவிட்டால் கம்பெனி வெல்லும், வீடியோ திறக்காது என்றேன்.

ரீச்சர் படிவத்தை இழுத்து இரண்டு இடத்திலும் ஐம்பது என்று எழுதினார். "யோசேப்பு, கையெழுத்தைப் போடும்."

"ரீச்சர், அது கூடிப்போச்சு..."

"போடும் எண்டுறன்."

போட்டார். மணிப் பலகையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றையும் ரீச்சர் தேடி எடுத்துக் கொடுத்தார். மூலையில் மெலிந்த இளைஞராக யோசேப்பு. எல்லாவற்றையும் படம் பிடித்து, முகாமில் நடந்ததையும் எழுதி, சென்னைக்கு அனுப்பினேன்.

நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டோம். முருங்கை இலை போட்ட அந்தக் குழம்பின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வழிந்தது. இருவரும் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

இரண்டே முக்காலுக்குக் கைபேசி ஒலித்தது. அந்தக் கம்பெனியின் உரிமையாளரே பேசினார். அலுவலகத்திலிருந்து கோப்பு அவருக்குப் போயிருந்தது. பாடகி ஒருவரிடம் முறையாக எழுதி வாங்கிய பாட்டு அது, முகாம் விஷயம் தெரியாது என்றார். உரிமை கோரலை விலக்கிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு தயங்கி, ஆசிரியையிடம் பேச முடியுமா என்று கேட்டார். கைபேசியை நடுவில் வைத்தேன்.

"அம்மா, வீடியோவைத் திறந்துவிட்டோம். எங்கள் வீடியோவில் உங்கள் இருவர் பெயரும் போடுகிறோம், உங்கள் பங்கும் சங்கம் வழியாக வரும். அந்த ஒழுங்கை வரியை மறுபடி பாடிப் பதிகிறோம். பாட்டை எங்களிடம் இருக்க விடுவீர்களா?"

ரீச்சர் யோசேப்பைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"ஓம், வைச்சிருங்கோ. பிள்ளையள் பாடட்டும்."

பேச்சு முடிந்து நான் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். விமானம் மறுநாள்தான். ரீச்சர் மேசையில் விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்தப் படிவம் இன்னும் இருக்கோ?"

"இதற்கு ஒன்று போதுமே, ரீச்சர்."

"இதுக்கில்லை. கொப்பியோடை துலைஞ்ச பாட்டு இன்னும் பதினொண்டு. எனக்கு அரைவாசி ஞாபகம். மிச்சம் இவருக்கு இருக்கும்."

யோசேப்பு கூரையைப் பார்த்து யோசித்தார். மெதுவாக அவர் உதடுகள் அசையத் தொடங்கின.

கோவில் வீதி மூலையில் இருந்த போட்டோப் பிரதிக் கடைக்குப் போய்ப் பதினொரு பிரதி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். அவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. யோசேப்பு நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டிருந்தார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாட, அவர் விட்ட இடத்திலிருந்து யோசேப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய பாட்டு. நான் சத்தமில்லாமல் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.